சூடேற்றிக் கொண்டுவந்த கார்

அந்தக் காரைத் தம்பி கர்ட்டிஸிடமிருந்து வாங்கியபோது, ஊரில் யாருக்கும் வாய்க்காத சலுகை தனக்கு வாய்த்ததாகத்தான் மார்லிஸ் நினைத்தாள். பாதி பேட்டரியிலும் பாதி பெட்ரோலிலும் ஓடுகிற ஹைபிரிட் கார். ஏரிக்கரை ஊரான டுலூத் முழுக்க ஏற்றமும் இறக்கமும்தான். அந்த ஊரில் ஒரு ஏஜென்சி சார்பாக வீடு வீடாகப் போய், எழுந்து நடமாட முடியாத கிழவர்களைக் குளிப்பாட்டி ஊட்டிவிடுகிற வேலை அவளுக்கு. சம்பளத்தில் கால்வாசி பெட்ரோலுக்கே போய்க்கொண்டிருந்தது. கர்ட்டிஸ் சாவியைக் கையில் வைத்து, தோளில் தட்டி, "வெளியாளுக்குன்னா இந்தக் காரைக் குடுப்பேனா?" என்றான். அது உண்மைதான். வெளியாள் என்றால் கூடவே ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்திருப்பான்.

கோடை முழுக்கக் கார் ஒரு குறையும் வைக்கவில்லை. நவம்பரில் முதல் உறைபனி விழுந்த காலையில் அவள் ஸ்டார்ட் செய்தாள். எஞ்சின் உயிர் பெற்றதும், துணியெல்லாம் ஒரு பக்கம் சேர்ந்துபோன வாஷிங் மெஷின் மாதிரி வண்டியே குலுங்கியது. கண்ணாடிகள் கிடுகிடுவென ஆடின. பிறகு தானாகவே அடங்கியது. மீட்டருக்குப் பக்கத்தில் மஞ்சள் விளக்கு ஒன்று மட்டும் எரிந்தபடி இருந்தது.

டீலரின் சர்வீஸ் கவுண்டரில் ட்ரென்ட் என்பவன் இருந்தான். அழகாகத் தாடி வெட்டியவன். வந்தவர்களைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான்.

"மிஸ்ஃபயர், மார்லிஸ். நாலு சிலிண்டர்ல ஒண்ணு வேலைநிறுத்தம் பண்ணுது. பிளக்கையும் காயிலையும் மாத்திட்டா சரியாயிடும்."

"எவ்வளவு ஆகும்?"

அவன் தொகையைச் சொல்லாமல் தாளில் எழுதி, அவள் பக்கம் திருப்பி வைத்தான். தொள்ளாயிரத்து நாற்பது டாலர். மார்லிஸ் கார்டைக் கொடுத்தாள்.

சில நாள் நன்றாக ஓடியது. பிறகு திரும்பவும் அதே குலுக்கல், அதே விளக்கு. "புகை திரும்பிப் போற குழாய் அடைச்சிருக்கு, கரி. ஹைபிரிட்ல இது சகஜம்" என்றான் ட்ரென்ட். அதைக் கழற்றிக் கழுவியதற்கு முன்பைவிடப் பெரிய தொகை. மார்லிஸ் இன்னொரு கார்டைக் கொடுத்தாள். மூன்றாம் தடவை போனபோது, அவன் கவுண்டரை விட்டு வெளியே வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள் அவள். டாக்டர் எப்போது பக்கத்தில் வந்து உட்காருவார் என்று அவளுக்குத் தெரியும்.

"ஹெட் கேஸ்கட், அதான் எஞ்சினுக்குள்ள கசியாம அடைக்கிற தகடு, போயிடுச்சு. பனிக்காலத்துல வண்டி நிக்கும்போது, எஞ்சினைக் குளிர வைக்கிற கூலன்ட் சொட்டுச் சொட்டா சிலிண்டருக்குள்ள இறங்குது. காலையில ஸ்டார்ட் பண்ணினா அதைக் குடிச்சுட்டுத்தான் எஞ்சின் அப்படி உதறுது."

"சரி பண்ண முடியாதா?"

"கேஸ்கட் மட்டும் மாத்தினா நாங்க உத்தரவாதம் தர மாட்டோம். வேற எஞ்சின் போடணும். ஒன்பதாயிரம் வரும்."

"வாங்கினதே அவ்வளவு இல்லையே!"

"தெரியும். போன வசந்தத்துல உங்க தம்பிகிட்டயும் இதையேதான் சொன்னேன். வேணாம்னு வண்டியை எடுத்துட்டுப் போயிட்டார்."

மார்லிஸ் அவனையே பார்த்தாள். "போன வசந்தத்துலயா? அப்ப நான் முதல் தடவை வந்தப்பவே உனக்குத் தெரியும்."

"தெரியும்னு சொல்ல முடியாது. ஒரு சந்தேகம்."

"பிறகு ஏன் பிளக்கை மாத்தினே? எதுக்குக் குழாயைக் கழுவினே?"

"சின்னதுல ஆரம்பிச்சுத்தான் மேல போகணும். அதுதான் எங்க முறை."

"என் காசுல உன் முறையா?"

"காபி குடிக்கிறீங்களா, மார்லிஸ்? புது மெஷின் வந்திருக்கு."

காரை இப்படியே கொடுத்தால் என்ன தருவீர்கள் என்று கேட்டாள். எண்ணூறு என்றான். அதைச் சொல்லும்போதும் அவன் முகம் கனிவாகவே இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, உறைந்த ஏரியின் மேல் நடந்து கர்ட்டிஸின் மீன்பிடிக் குடிசைக்குப் போனாள். பனிக்கட்டியில் துளை போட்டு, தூண்டிலை இறக்கி, பக்கத்தில் சின்ன அடுப்பும் பீர் பெட்டியுமாக அவன் உட்கார்ந்திருந்தான்.

"கதவைச் சாத்து. குளிர்ல மீனெல்லாம் ஓடிடும்."

"தெரிஞ்சேதான் என் தலையில கட்டினியாடா?"

அவன் எதை என்று கேட்கவில்லை. தூண்டில் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல், "உக்காரு" என்றான்.

"உக்கார வரல."

"அப்ப நில்லு. ஒன்பதாயிரம் போட்டு நான் எஞ்சின் மாத்துவேன்னு நினைச்சியா? பழைய கார். வாங்குறவங்கதான் பார்த்து வாங்கணும்."

"நான் உன் கூடப் பிறந்தவடா!"

"அதான் நீ பார்க்காம வாங்கினே."

அவள் கையுறையைக் கழற்றி அவன் முகத்தில் எறிந்தாள். அவன் அதை எடுத்து, மடித்து, அடுப்புக்குப் பக்கத்தில் காயவைத்தான். மார்லிஸ் கொஞ்ச நேரம் அழுதாள். கர்ட்டிஸ் ஒரு பீரைத் திறந்து அவளிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை. அவனே குடித்தான்.

"இப்ப என்ன பண்ணப் போறே?"

"என்ன பண்ண? டீலர் எண்ணூறு தர்றானாம்."

"எண்ணூறா? பைத்தியமா உனக்கு?" எழுந்து கோட்டுப் பையைத் துழாவி, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கருவியை எடுத்தான். "ஸ்டியரிங்குக்கு அடியில ஒரு ஓட்டை இருக்கும். இதைச் சொருகிப் பட்டனை அமுக்கு. விளக்கு அணைஞ்சுடும். ரெண்டு மூணு நாள் எரியாது. வாங்குறவங்ககிட்ட காட்டப் போறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் ஓட்டிட்டுப் போ. சூடா இருந்தா பூனைக்குட்டி மாதிரி இருக்கும். உன்கிட்ட அப்படித்தான் காட்டினேன். 'ஐயோ, சத்தமே இல்லையே'ன்னு நீயே சொன்னே, ஞாபகம் இருக்கா?"

அவன் சிரித்தான். மார்லிஸ் கருவியை வாங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். பனியில் பாதி தூரம் நடந்திருப்பாள். பின்னாலிருந்து, "திருப்பிக் குடுத்துடு! நாப்பது டாலர் குடுத்து வாங்கினது!" என்று கத்தினான்.

அப்போது அவள் தினமும் காலையில் போய்க்கொண்டிருந்தது ஆர்வோவின் வீட்டுக்கு. முன்பு இரும்புத் தாது ஏற்றுகிற கப்பல் துறையில் வேலை பார்த்த பெரியவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. நாலைந்து சொல்லுக்கு மேல் பேச்சு வராது. வேறு யார் ஊட்டினாலும் துப்பிவிடுவார். மார்லிஸ் ஊட்டினால் மட்டும் குழந்தை மாதிரி வாயைத் திறப்பார். அவருடைய ஒரே மகள் ஜோலீனுக்கு ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பாலத்துக்கு அந்தப் பக்கம், சுப்பீரியர் என்கிற ஊரில் ஒரு மாடிக் குடியிருப்பில் இருந்தாள். மாலையில் வந்து அப்பாவைப் படுக்கவைத்துவிட்டுப் போவாள். வாரம் ஒரு நாள் ஏலக்காய் ரொட்டி சுட்டு, மார்லிஸுக்கென்று ஒரு துண்டு துணியில் சுற்றி வைத்திருப்பாள்.

அந்த வாரம் ஜோலீனின் பழைய கார் துருப்பிடித்து அடித்தட்டே கழன்றுவிட்டது. "தெரிஞ்சவங்க யாராவது கார் விக்கிறாங்களா, மார்லிஸ்?" என்று சமையலறையில் நின்று கேட்டாள். "முன்பின் தெரியாதவங்ககிட்ட வாங்கவே பயமா இருக்கு. ஏமாத்திடுவாங்க."

மார்லிஸ் கழுவிக்கொண்டிருந்த கிண்ணத்தை இன்னொரு முறை கழுவினாள். "என்னோடதையே குடுக்கலாம்னு பார்க்கிறேன்" என்றாள். சொன்ன பிறகு, திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

குறித்த நாளில் கருவியைச் சொருகி விளக்கை அணைத்தாள். ஏரிக்கரைச் சாலையில் வடக்கே வெகுதூரம் ஓட்டிப் போய்த் திரும்பி, எஞ்சின் சூடு ஆறுமுன் ஆர்வோ வீட்டு வாசலில் நிறுத்தினாள். இன்னும் ரெண்டு வருஷம் இப்படியே ஓடினாலும் ஓடும் என்று வழி நெடுகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்தாள். ஜோலீன் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"சத்தமே இல்லையே!" என்றாள்.

மார்லிஸ் குனிந்து கார்க் கண்ணாடியைத் துடைத்தாள்.

"ஏன் விக்கிறீங்க?"

"பனியில மேடு ஏற எனக்குக் கனமான வண்டி வேணும்."

ஜோலீன் பேரம் பேசவில்லை. ஐயாயிரத்து ஐந்நூறுக்குச் செக் எழுதிக் கொடுத்துக் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்ககிட்ட வாங்கினதுல ஒரு நிம்மதி, மார்லிஸ்." ஜன்னலுக்குள்ளிருந்து ஆர்வோ இடது கைக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

அந்தப் பணத்தில் மார்லிஸ் கார்டுக் கடனில் கொஞ்சம் அடைத்தாள். மீதியில், ஒரு பக்கம் நசுங்கிய பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினாள். இந்த முறை மெக்கானிக்கை அழைத்துப் போனாள்.

அந்த வாரக் கடைசியில் ஜோலீன் போன் செய்தாள். "காலையில ஸ்டார்ட் பண்ணினா ஒரு மாதிரி உதறுதே, இப்படித்தான் இருக்குமா?"

"ஹைபிரிட்தானே? குளிர்ல அப்படித்தான். கொஞ்ச நேரத்துல அடங்கிடும்."

"ஓ, சரி சரி. எனக்குத் தெரியல. தாங்க்ஸ், மார்லிஸ்."

பிறகு மஞ்சள் விளக்கு எரிகிறது என்றாள். அது டயர் காற்றாக இருக்கும் என்றாள் மார்லிஸ். ஜோலீன் டயருக்குக் காற்று அடித்தாள்.

ஜனவரிக் கடைசியில், ஒரு நாள் காலை பத்து மணிக்கு, ஆர்வோவின் வாசலில் ஒரு டாக்ஸி வந்து நின்றது. வேலைக்குப் போயிருக்க வேண்டிய ஜோலீன் இறங்கினாள். மார்லிஸ் சமையலறை மேசையில் ஆர்வோவுக்கு ஓட்ஸ் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்ததும் கிழவர் முகம் மலர்ந்தது. ஜோலீன் கோட்டைக் கழற்றாமலே எதிரில் உட்கார்ந்தாள். அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பை முகத்தில் அப்படியே வைத்துக்கொண்டு, தாலாட்டுகிற குரலில் பேசினாள்.

"ஊட்டுங்க மார்லிஸ், நிறுத்தாதீங்க. நான் பேசுறேன், நீங்க கேளுங்க. வண்டி டீலர்கிட்ட கிடக்கு. அங்க ட்ரென்ட்னு ஒருத்தன். வண்டியைப் பார்த்ததுமே 'ஓ, இதுவா'ன்னான்."

மார்லிஸின் கையில் கரண்டி நின்றது.

"நிறுத்தாதேன்னு சொன்னேன்ல."

அவள் ஊட்டினாள். ஆர்வோ விழுங்கினார்.

"பாலத்து நடுவுல நின்னுடுச்சு. பின்னாடி பெரிய லாரி. பனியில அவனால பிரேக் போட முடியல. ஹாரனை அமுக்கிக்கிட்டே வர்றான். நான் கண்ணை மூடிக்கிட்டேன். எப்படியோ ஒதுங்கிப் போயிட்டான். எனக்கு ஏதாவது ஆகியிருந்தா இவருக்கு யாரு? நீயா?"

"ஜோலீன், நான்..."

"மெதுவாப் பேசு. சிரிச்சுக்கிட்டே பேசு. அவர் பார்க்கிறார்."

ஆர்வோ இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நாக்கைப் புரட்டி, "கார்... நல்லா..." என்றார்.

"ரொம்ப நல்லா இருக்குப்பா" என்றாள் ஜோலீன்.

மார்லிஸ் சிரிக்க முயன்றாள். வாய் கோணியது. "பணத்தை மாசாமாசம் குடுத்துடறேன்."

"எதுல இருந்து? என் காசுதான் வாசல்ல கார் வடிவத்துல நிக்குதே. பணம் வேணாம். நாளையில இருந்து காலையில ஆறு மணிக்கு என் வீட்டு வாசல்ல இரு. என்னை ஆஸ்பத்திரியில விட்டுட்டு இங்க வா. சாயங்காலம் கூட்டிட்டு வா, பிறகு வீட்டுல கொண்டுபோய் விடு. பார்த்துக்கிற வீட்டுல உங்க ஆளுங்க எதையும் விக்கக்கூடாதுன்னு ஏஜென்சி விதி. உனக்குத் தெரியாதா என்ன? நான் ஒரு போன் போட்டா போதும். ஆனா இவர் உன் கையால மட்டும்தான் சாப்பிடுறார். அதனால போடல."

மறுநாளிலிருந்து மார்லிஸ் விடியுமுன் எழுந்தாள். நசுங்கிய காரின் மேல் உறைந்த பனியைச் சுரண்டி, பாலம் தாண்டிப் போய் நின்றாள். ஜோலீன் இறங்கி வந்து பின் சீட்டில் ஏறினாள். முன்கதவைத் திறந்து வைத்தாலும் அதைச் சாத்திவிட்டுப் பின்னால்தான் ஏறுவாள். வழியெல்லாம் பேச மாட்டாள். சில நாள் கூட வேலை பார்க்கிற ஒருத்தியையும் ஏற்றிக்கொள்வாள்.

"இவங்கதான் எனக்குக் கார் வித்தவங்க. வித்த பிறகும் எப்படிக் கவனிச்சுக்கிறாங்க பாரு."

"அட, எந்த டீலர் இப்படிச் செய்வான்?" என்று அவள் விவரம் தெரியாமல் சிரிப்பாள். மார்லிஸும் கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பாள். சிரிக்காவிட்டால் ஜோலீன் பின்னாலிருந்து இருக்கையை முழங்காலால் மெல்ல இடிப்பாள்.

பெட்ரோலுக்கு ஜோலீன் ஒரு டாலர்கூடக் கொடுக்கவில்லை. ஏலக்காய் ரொட்டி அப்போதும் சுட்டாள். ஒரு துண்டைத் துணியில் சுற்றி, முன்பு வைக்கிற அதே இடத்தில் வைத்தாள். மார்லிஸ் எடுக்கப் போனால், "அது பக்கத்து வீட்டுக்கு" என்பாள். ஆர்வோ அந்த ரொட்டியையும் மார்லிஸையும் பார்த்துக் குழம்பி முனகுவார்.

மார்ச்சில் பெரிய பனிப்புயல் அடித்த அன்று பின்கதவு உறைந்துபோய்த் திறக்கவே இல்லை. ஜோலீன் வேறு வழியில்லாமல் முன்னால் உட்கார்ந்தாள். பாலத்தை அடைத்துவிட்டார்கள். வெகுநேரம் காருக்குள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஜோலீன் பிளாஸ்க்கைத் திறந்து, அதன் மூடியில் காபி ஊற்றி, மார்லிஸ் பக்கம் நீட்டினாள்.

"அப்பா ஒரு தடவை இந்த மாதிரிப் புயல்ல ஒரு ஆட்டுக்குட்டியைத் தூக்கிட்டு வந்தார். சீட்டாட்டத்துல ஜெயிச்சாராம். ஒரு வாரம் அது எங்க குளியல் தொட்டியில இருந்துச்சு."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"குளிக்கிறதை நிறுத்திட்டாங்க." ஜோலீன் சிரித்தாள். மார்லிஸும் சிரித்தாள். முழங்கால் இடிக்காமல் சிரித்தது அதுதான் முதல் தடவை. அன்று வீட்டுக்குப் போய், எல்லாம் ஆறிக்கொண்டு வருகிறது என்று நினைத்தபடி தூங்கினாள்.

ஏப்ரலில், ஏரியில் பனிக்கட்டி இன்னும் மிதந்துகொண்டிருந்தபோது, ஆர்வோ போய்விட்டார். காலைக் கஞ்சியில் பாதி உள்ளே போயிருந்தது. மார்லிஸ்தான் வாயைத் துடைத்து, கண்ணை மூடி, ஜோலீனுக்குப் போன் செய்தாள். சர்ச்சில் சடங்கு முடிந்ததும் ஜோலீன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மார்லிஸைக் கட்டிக்கொண்டாள். கழுத்தில் முகத்தைப் புதைத்து வெகுநேரம் அழுதாள். "நீங்க இல்லன்னா அவர் எப்பவோ போயிருப்பார்" என்றாள். மார்லிஸும் அழுதாள். பல மாதம் கழித்து, நெஞ்சில் ஏறியிருந்தது இறங்கிய மாதிரி இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை ஏஜென்சியிலிருந்து கூப்பிட்டார்கள். மேலாளர் கெயில் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்.

"ஆர்வோவோட மகளுக்குக் கார் வித்தியா?"

"வித்தேன்."

"கெட்டுப்போனதுன்னு தெரிஞ்சேவா?"

மார்லிஸ் மேசை விளிம்பைப் பார்த்தாள். "சூடா இருக்கும்போது நல்லாத்தான் ஓடுச்சு" என்றாள். சொல்லும்போதே அது கர்ட்டிஸ் பேசுகிற மாதிரி இருந்தது.

கெயில் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டாள். நல்ல வார்த்தை எழுதித் தர முடியாது, வேறு ஏஜென்சியில் கேட்டாலும் உள்ளதைத்தான் சொல்ல வேண்டியிருக்கும் என்றாள். பதினேழு வருஷம் செய்த வேலை.

மார்லிஸ் நேராக ஆர்வோ வீட்டுக்கு ஓட்டினாள். ஜோலீன் அங்கே அப்பாவின் சட்டைகளை அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றபடியே மார்லிஸ் கேட்டாள்.

"நீ சொன்னபடியெல்லாம் செஞ்சேனே. குளிர்காலம் முழுக்க ஓட்டினேனே."

"ஆமா. ஓட்டுனீங்க."

"அன்னிக்குக் கட்டிப்பிடிச்சு அழுதியே?"

"அப்பாவுக்காக அழுதேன். அவரை நல்லாப் பார்த்துக்கிட்டீங்க, அதுல பொய் இல்ல." ஜோலீன் ஒரு சட்டையின் காலரை நீவி மடித்தாள். "அவர் இருந்தவரைக்கும் நீங்க வேணும். இப்ப வேணாம்."

"என் பிழைப்பையே கெடுத்துட்டியே. இதுல உனக்கு என்ன கிடைச்சுது?"

"எனக்கு ஒண்ணும் கிடைக்கல." நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபமே இல்லை. "உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணினேன், மார்லிஸ்? ரொட்டி சுட்டுக் குடுத்தேன்."

மார்லிஸ் திரும்பிப் படியில் காலை வைத்தாள்.

"மார்லிஸ்!"

சட்டென்று திரும்பினாள். ஏதோ ஒரு நல்ல வார்த்தை வரப்போகிறது என்று அவள் முகமே சொன்னது.

"வெளிக்கதவைச் சரியாச் சாத்திட்டுப் போங்க. குளிர் உள்ள வருது."

அவள் அதைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்கும்வரை இழுத்துப் பிடித்திருந்துவிட்டுப் போனாள்.